கானிக் ஹில்: எல்லோரும் ஏறுகிற பக்கத்தில் இறங்குங்கள்

கிளாஸ்கோவிலிருந்து அரை நாளில் போய் ஒரு மலை ஏறி, கொஞ்சம் ஏரியும் பார்த்துவிட்டு வர எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் கானிக் ஹில் என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில், பல்மஹா என்ற சின்ன ஊருக்கு நேர் மேலே நிற்கிறது. உயரம் 361 மீட்டர்தான், ஸ்காட்லாந்துக் கணக்கில் இதையெல்லாம் மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கிடைக்கிற காட்சிக்கும் படுகிற சிரமத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் இதைவிட லாபமான மலை எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் என்னவென்றால் பெரும்பாலோர் கார் பார்க்கில் வண்டியைப் போட்டு, பின்னாலிருக்கும் காட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறி, மேலே நின்று போட்டோ எடுத்து, வந்த வழியே இறங்கிப் போய்விடுகிறார்கள். ஏறும்போது ஏரி முழுக்க முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவதிலேயே பாதி நேரம் போகும். அதற்குப் பதிலாக இதே மலையை ஒரு வட்டமாகச் சுற்றலாம். பல்மஹாவிலிருந்து சாலையோரமாகக் கிழக்கே மில்டன் ஆஃப் புக்கானன் என்ற ஊர், அங்கிருந்து வடக்கே கரத்பான் காடு, காட்டுக்குள் வெஸ்ட் ஹைலேண்ட் வே பாதையைப் பிடித்து மேற்கே திரும்பி மலையின் முதுகு வழியாக உச்சி, அப்புறம் ஏரியைப் பார்த்தபடியே பல்மஹாவுக்கு இறக்கம். வரைபடத்தில் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

இந்த வட்டத்தைச் செய்கிறவர்களிலும் பலர் முதலில் மலை, கடைசியில் சாலை என்று போவதுண்டு. ‘கஷ்டத்தை முதலில் முடித்துவிடலாம்’ என்ற நினைப்புதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்படிப் போனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்துவிடும், மீதி நேரம் காடும் தார்ச்சாலையும்தான். திருப்பிப் போனால் சலிப்பான பகுதி கால் புதிதாக இருக்கும்போதே கழிந்துவிடும், ஏரியின் தீவுகள் கடைசி வரை கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், உச்சிக்கு வந்ததும் மொத்தமாகத் திறக்கும். இரண்டு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருக்க வேண்டும்: அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அதாவது முகத்தில் அடிக்கும், செங்குத்தான இறக்கம் கடைசியில் வருவதால் முட்டி பலவீனமானவர்கள் கைத்தடி கொண்டுபோவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் மட்டும் நான் சொல்வதை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது மாலை நாலு, நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், இருட்டில் கல்படிகளில் இறங்குவதைவிட சாலையோரம் நடப்பது எவ்வளவோ மேல். எனவே குளிர்காலத்தில் மலை முதலில், சாலை கடைசியில்.

மொத்த தூரம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 மீட்டர் அளவு. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் நமக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது எங்கும் நிற்காமல், சேற்றில் வழுக்காமல், போட்டோ எடுக்காமல் போகிறவருக்கு. சாப்பாடு, வேடிக்கை, ஷூ கயிறு கட்டுவது எல்லாம் சேர்த்து நாலிலிருந்து அஞ்சு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு என்றால் அஞ்சுக்கு மேலேயே. ஓரளவு நடக்கிற பழக்கம் உள்ள யாரும் செய்யலாம், பாறையில் தொற்றி ஏறுகிற வேலை எதுவும் கிடையாது. ஆனால் பூங்காவில் நடப்பது மாதிரி நினைத்துக்கொண்டு வெறும் கேன்வாஸ் ஷூவில் வராதீர்கள்.

போய்ச் சேர்வது எப்படி? காரில் என்றால் கிளாஸ்கோவிலிருந்து ட்ரிமன் ஊர் வழியாக வந்து, அங்கிருந்து பி837 சாலையில் மேற்கே. பல்மஹாவைத் தாண்டி ஏரிக்கரையோடு வடக்கே போகும் சாலை ரோவர்டென்னனில் முடிந்துவிடும், வேறு வழியாக வெளியே வர முடியாது. அதனால் வெயில் அடிக்கிற சனி ஞாயிறுகளில் நெரிசல் பயங்கரமாக இருக்கும். பல்மஹா கார் பார்க் பெரியதுதான், ஆனாலும் கோடைக்கால வார இறுதியில் பத்து மணிக்கு மேல் வந்தால் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். நிரம்பியிருந்தால் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சாலையில் வண்டி நிறுத்தத் தடை உள்ள பகுதிகள் நிறைய, அபராதச் சீட்டு நிச்சயம். ஒன்று சீக்கிரம் வாருங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்கு மேல் வாருங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், மூன்று மணிக்குக் கிளம்பினால்கூட நிதானமாக முடிக்கலாம். சொல்லப்போனால் மாலை வெளிச்சத்தில் தீவுகள் இன்னும் அழகு.

கார் இல்லாதவர்கள் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பல்லாக் ரயில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து ட்ரிமன் வழியாகப் பல்மஹா போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். பல வருஷமாக அதற்கு எண் 309. அடிக்கடி ஓடாது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அதனால் கிளம்புவதற்கு முன்பே திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் நடையைத் திட்டமிட வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் டாக்சிக்காரர் வந்து சேர்வதற்கே நேரமாகும், கட்டணமும் கையைக் கடிக்கும்.

என்ன எடுத்துப்போக வேண்டும் என்று பெரிய பட்டியல் போட மாட்டேன். மழை தாங்கும் ஜாக்கெட், எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி, பையில் இருக்கட்டும். நடுவில் போட ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ். கீழே இருப்பதைவிட மேலே இரண்டு மூன்று டிகிரி குறைவாகத்தான் இருக்கும், ஆனால் காற்றும் சேர்ந்தால் அது பத்து டிகிரி குறைந்த மாதிரி உறைக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள, கணுக்காலை மூடும் ஷூ. ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வழியில் ஓடைகள் உண்டு, ஆனால் மேலே ஆடு மாடு மேய்கிற இடம், அப்படியே குடிக்காதீர்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒரு சொந்த அபிப்பிராயம்: டப்பாவில் சோறு வேண்டாம். உச்சியில் அடிக்கிற காற்றில் கையுறையைக் கழற்றி, டப்பாவைத் திறந்து, பிசைந்து சாப்பிடுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. சப்பாத்திக்குள் ஏதாவது வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தால் ஒரு கையால் சாப்பிட்டு முடித்துவிடலாம்.

வரைபடத்துக்கு பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்38 தாள் போதும். போனில் இறக்கி வைத்துக்கொள்வது வசதிதான், ஆனால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், மழைத்துளி விழுந்தால் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. பவர் பேங்க் இல்லையென்றால் காகித வரைபடமாவது வேண்டும். முதல் நாள் இரவு பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊருக்கான அறிக்கையில் ‘மேகமூட்டம்’ என்று மட்டும் போட்டிருக்கும். அந்த மேகம் 300 மீட்டரில் நிற்கிறதா 900 மீட்டரில் நிற்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். 300 என்றால் அன்றைக்கு ஏறுவதில் அர்த்தமே இல்லை, பேசாமல் ஏரிக்கரையோரம் நடந்துவிட்டு வாருங்கள்.

சரி, நடப்போம்.

பல்மஹாவில் தேசியப் பூங்காவின் தகவல் மையம் இருக்கிறது, கழிப்பறை அங்கேதான். வழியில் வேறு கிடையாது. அங்கிருந்து வெளியே வந்து ஏரிக்கு முதுகைக் காட்டி, வந்த சாலையிலேயே கிழக்கே திரும்புங்கள். மில்டன் ஆஃப் புக்கானன் வரை சுமார் 3 கிலோமீட்டர். பெரும்பாலும் சாலையோரமாகவே நடைபாதை உண்டு, எங்காவது பாதை இல்லாவிட்டால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கமாக நடங்கள். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. வயல், வேலி, செம்மறி ஆடுகள், இடப்பக்கம் நாம் பின்னால் ஏறப்போகிற மலைமுகடு. முக்கால் மணி நேரத்தில் கழிந்துவிடும்.

மில்டனில் கரத்பான் காட்டுக்குள் வடக்கே ஏறிப் போகும் பாதையைப் பிடிக்க வேண்டும். வட்டம் முழுவதிலும் வரைபடத்தை உண்மையிலேயே கையில் எடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஆட்டுக்குட்டி போடும் பருவத்தில் நாயோடு வருபவர்கள் மலையைத் தவிர்த்துச் சுற்றிப்போகிற மாற்று வழியும் இதுவே என்பதால் பாதை நன்றாகத்தான் இருக்கும். காட்டுக்குள் மரம் வெட்டும் வண்டிகள் போகிற அகலமான சரளைப் பாதைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். குழப்பம் வந்தால் ஏறுமுகமாக வடக்கே போகிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டு நடப்பதாக எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதை மதிக்கவும். வெட்டிய மரங்களை அடுக்கி வைத்திருக்கும் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கவே கூடாது, ஒரு கட்டை உருண்டால் மொத்தமும் உருளும்.

ஏறிக்கொண்டே போனால் குறுக்கே வருவது வெஸ்ட் ஹைலேண்ட் வே. மில்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகிற நெடும்பாதை, 1980-இல் திறந்தது. கம்பங்களில் அறுகோணத்துக்குள் வெள்ளை நிறத்தில் திசில் என்ற முள்செடியின் பூ போட்டிருக்கும், அதுதான் அடையாளம். அங்கே இடப்பக்கம், மேற்கே திரும்புங்கள். இனிமேல் பல்மஹா வரை அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். நெடும்பாதை நடப்பவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்கள், அதாவது நாம் போகிற அதே திசை. தோளில் பெரிய மூட்டையோடு, இரண்டாம் நாள் கொப்புளத்தோடு மெதுவாக ஏறிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் சந்தோஷமாகப் பேசுவார்கள். எங்கே தங்கினார்கள், எங்கே மழையில் நனைந்தார்கள் என்பதெல்லாம் கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும்.

காடு ஒரு கதவோடு முடிகிறது. திறந்து வெளியே வந்ததும் வானம் சட்டென்று பெரிதாகிவிடும். முன்னால் ஹெதர் செடியும் புல்லும் மூடிய திறந்தவெளி, அதற்கு அப்பால் கூன் விழுந்த முதுகாகக் கானிக் ஹில். இந்த மாதிரிக் கதவுகளில் ஒரே விதிதான், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததை அப்படியே விடுங்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி இப்படிப்பட்ட நிலங்களில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், நிலம் தனியாருடையது என்றாலும். ஆனால் பொறுப்போடு நடக்க வேண்டும் என்பது அந்த உரிமையின் இன்னொரு பாதி. ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டி போட்டிருக்கும், நாய் இருந்தால் அந்தச் சமயத்தில் மலைப் பக்கம் கொண்டு வராமல் இருப்பதே நல்லது, அங்கங்கே அறிவிப்பும் வைத்திருப்பார்கள். மற்ற மாதங்களிலும் கயிற்றை விடாதீர்கள். மேலே மாடுகளும் மேயும். கன்றோடு நிற்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள், பாதையை விட்டுக் கொஞ்சம் சுற்றிப் போனால் அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்து ஓடிவிடும், நீங்களும் தப்பிக்கலாம்.

திறந்தவெளியில் பாதை நேராக மலைக்கு ஏறாது. முதலில் இரண்டு ஓடைகளுக்கு இறங்கும். கிலாண்டன் பர்ன் ஒன்று, அப்புறம் பர்ன் ஆஃப் மார். இரண்டுக்கும் பாலம் இருக்கிறது. உட்கார்ந்து ஏதாவது சாப்பிட நினைத்தால் பர்ன் ஆஃப் மார் பக்கத்தில் உட்காருங்கள், காற்று மறைவு இருக்கும். மேலே போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால் அனேகமாக நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும். பாலத்தைத் தாண்டியதும்தான் உண்மையான ஏற்றம் ஆரம்பம். அங்கே கொஞ்ச தூரம் செங்குத்தாக இருக்கும், பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். வேகமாக ஏறி நின்று, மறுபடி வேகமாக ஏறி நின்று என்று போகாதீர்கள். மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் சிறு அடிகளாக நிற்காமல் ஏறினால், குதித்து ஓடினவர்களை வழியில் பிடித்துவிடலாம்.

ஏறியதும் பாதை மலையின் வடபக்கச் சரிவில் உச்சிக்குக் கீழாகவே பக்கவாட்டில் போகும். இங்கேதான் பலரும் உச்சியைத் தவற விடுகிறார்கள், ஏனென்றால் நெடும்பாதை உச்சியைத் தொடுவதே இல்லை. இடப்பக்கம் மேலே ஏறும் கிளைப்பாதைகள் தெரியும், ஒன்றில் ஏறுங்கள். இன்னொரு விஷயம், கானிக் ஹில் ஒரே முனையாக இல்லை, வரிசையாக நாலைந்து மேடுகள். கிழக்கே இருப்பதுதான் கணக்குப்படி உச்சி. காட்சி அதைவிட மேற்கே இருக்கிற தாழ்ந்த மேடுகளில் நன்றாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஏரிக்கும் நமக்கும் நடுவே எதுவும் மறைக்காது. உச்சியைத் தொட்டுவிட்டு, அடுத்தடுத்த மேட்டுக்கு முகடு வழியாகவே போங்கள். பாறை ஈரமாக இருந்தால் நிதானம், அங்கே வழுக்கினால் இரு பக்கமும் சரிவு.

இப்போது பார்க்க வேண்டியது. மேற்கே ஏரி முழுக்க விரிந்து கிடக்கும். பரப்பில் பிரிட்டன் தீவிலேயே பெரிய நன்னீர் ஏரி இது, 71 சதுர கிலோமீட்டர். காலுக்கு நேர் கீழே பல்மஹா படகுத்துறை, அதற்கு எதிரே இன்ச்கைலக் தீவு. அங்கிருந்து கண்ணைத் தென்மேற்கே நகர்த்துங்கள்: டோரிஞ்ச், கிரீஞ்ச், இன்ச்மரின். நாலு தீவும் ஒரே கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நீங்கள் நிற்கிற முகடு வழியாகவே போகும். இது தற்செயல் இல்லை. அர்ரன் தீவிலிருந்து கிழக்குக் கரையில் ஸ்டோன்ஹேவன் வரை ஸ்காட்லாந்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு போகிற ஹைலேண்ட் எல்லைப் பிளவு இதுதான், அதாவது ஹைலேண்ட் என்கிற வடக்கு மலைநாட்டின் எல்லையில் பூமியின் பாறையில் விழுந்த விரிசல். கோட்டுக்கு வடமேற்கே பழைய, கடினமான உருமாறிய பாறை. அதனால் அந்தப் பக்கம் மலைமேல் மலையாக நிற்கிறது. தென்கிழக்கே அதைவிட இளைய, மென்மையான மணற்கல்; அதனால் வயலும் தாழ்நிலமும். ஹைலேண்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று புத்தகத்தில் படிப்பதற்கும், அந்தக் கோட்டின் மேலேயே நின்று இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு.

குனிந்து காலடிப் பாறையையும் பாருங்கள். கப்பி போட்ட பழைய கான்கிரீட் தளம் பெயர்ந்து கிடப்பது போல இருக்கும்: செம்பழுப்புப் பூச்சுக்குள் முஷ்டி அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள். விரலை ஓட்டினால் வழவழப்பாக இருக்கும். ஒரு காலத்தில் ஆறு உருட்டிக்கொண்டு வந்து இறக்கிய கூழாங்கற்கள் அவை, நாற்பது கோடி வருஷப் பழசு, மேலே மேலே படிவு அழுத்தி இறுகி இப்படி ஒட்டிக்கொண்டன. சில இடங்களில் கல் கழன்று விழுந்து குழி மட்டும் இருக்கும். அந்த உருண்டைகள்மேல் ஈரத்தில் கால் வைத்தால்தான் வழுக்கும் என்பதால் ரசித்துவிட்டுக் கவனமாகக் கால் வையுங்கள்.

ஏரியின் உருவத்திலும் அதே கதைதான். தெற்கே அகலமாக, ஆழம் குறைவாக, தீவுகளோடு. வடக்கே திரும்பிப் பார்த்தால் மலைகளுக்கு நடுவே ஒடுங்கி நீளும். ஆழம் 190 மீட்டர் வரை போவது அந்த ஒடுங்கிய வடபகுதியில்தான். பனியாறு கடினப்பாறைக்குள் ஆழமாகக் குடைந்துவந்து, மென்மையான நிலத்துக்கு வந்ததும் அகலப் பரவியது. பிரிட்டனில் கடைசியாகப் பனியாறுகள் வளர்ந்த காலத்துக்கே, சுமார் 12,000 வருஷத்துக்கு முன், இந்த ஏரியின் பெயரைத்தான் புவியியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். வடக்கே பெரிதாக நிற்பது பென் லோமண்ட், 974 மீட்டர், 3000 அடிக்கு மேற்பட்ட மன்ரோ மலைகளில் எல்லாவற்றிலும் தெற்கே இருப்பது. எதிர்க்கரையில் லஸ் மலைகள். தெற்கே எண்ட்ரிக் ஆறு வளைந்து வளைந்து வந்து ஏரியில் கலக்கிற சதுப்பு, குளிர்காலத்தில் வாத்துக் கூட்டங்கள் இறங்குகிற இடம். தென்கிழக்கே கேம்ப்ஸி குன்றுகள்.

போதுமான அளவு பார்த்தாயிற்றா? இறங்கலாம். முகட்டிலிருந்து நெடும்பாதைக்குத் திரும்பி வந்து, பியலாக் ஆர்ட் என்ற கணவாய் வழியாகத் தெற்கே திரும்புகிறோம். கல் பதித்துச் சரிசெய்த பாதை, படிபோல இறங்கும். எத்தனையோ ஆயிரம் கால்கள் படுகிற மலை, பாதையை விட்டுப் பக்கத்துப் புல்லில் இறங்கி இறங்கி அங்கே தனித் தடம் விழுந்து, மழையில் மண் கரைந்து போகிறது. கல்லில் இறங்குவது முட்டிக்கு வலிக்கும்தான், இருந்தாலும் கல்லிலேயே இறங்குங்கள். நனைந்த புல் கல்லைவிட மோசமாக வழுக்கும் என்பது இன்னொரு காரணம். இந்த நேரத்தில் எதிரே நூறு பேர் ஏறி வருவார்கள், ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று பாதிப் பேர் கேட்பார்கள். ஏறுகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது மரியாதை, நமக்கும் அந்தச் சாக்கில் இன்னொரு தடவை தீவுகளைப் பார்க்கலாம். கணவாய்க்குக் கீழே ஒரு கதவு, அப்புறம் காடு, காட்டுக்குள் படிகள், அப்புறம் கார் பார்க்கின் பின்பக்கம்.

ஏதாவது அசம்பாவிதம் என்றால் அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் வேண்டும் என்று சொல்லி, அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். பேச சிக்னல் போதாத இடத்தில் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும், அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இப்போதே செய்துவிடலாம். விசில் இருந்தால் நிமிஷத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிஷ இடைவெளி, மறுபடி ஆறு.

கீழே வந்ததும் ஓக் ட்ரீ இன் என்ற விடுதியில் சூப்போ காப்பியோ குடிக்கலாம். ஏரிக்கரையில் டாம் வியரின் சிலை நிற்கிறது. மலையேறி, எழுத்தாளர், தொலைக்காட்சியில் ஸ்காட்லாந்தை ஊர் ஊராகக் காட்டியவர். அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது 2014-இல் வைத்தார்கள். தலையில் கம்பளிக் குல்லாயோடு இருப்பார், போட்டோ எடுக்காமல் யாரும் போவதில்லை. இன்னும் நேரம் இருந்தால், பருவம் சரியாக இருந்தால், படகுத்துறையிலிருந்து இன்ச்கைலக் தீவுக்குச் சில நிமிஷத்தில் படகு போகும். பழைய தேவாலயத்தின் இடிபாடும் கல்லறைகளும் உண்டு, மே மாதத்தில் தரை முழுக்க நீலமணிப் பூ. கரையில் கூடாரம் போட்டு இரவு தங்க ஆசைப்பட்டால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அந்தக் கரைப்பகுதியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது.

கோடையில் மிட்ஜ் என்ற கொசுவைவிடப் பொடியான பூச்சி கூட்டம் கூட்டமாக வரும், காற்று நின்ற மாலையில் ஏரிக்கரையில் அஞ்சு நிமிஷம் உட்கார முடியாது. தொல்லைதான், ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது உண்ணி. பிராக்கன் என்ற பெரணி மண்டிய இடங்களில் கால் உரசும்போது ஏறிக்கொள்ளும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழுக்கால் பேன்ட் போட்டு அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், இடுப்பு வார் படும் இடம், அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். எள் அளவுகூட இருக்காது, மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் டாக்டரிடம் போய், மலைக்குப் போய்வந்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.